கட்டையில் இழுத்த கத்தி

எங்கள் சித்தப்பாவுக்குக் கத்தி தீட்டத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது. இதை நானாகச் சொல்லவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவே சொல்லும். விடியற்காலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் விரிக்க வருகிற நெசவாளர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது, உள்ளே கல்லின் மேல் கத்தி போய் வருகிற சத்தம் கேட்கும். அவர்கள் பாவை நீட்டி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும்போதும் அந்தச் சத்தம் ஓய்ந்திருக்காது. "இன்னாப்பா, கத்தி தீட்டுறியா, கல்லைத் தீட்டுறியா?" என்று யாராவது கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் சவரத் தொழில் செய்தார்கள். தெருமுனையில் எங்கள் கடை. அதில் ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு அப்பா. பெஞ்சில் உட்கார வைத்துச் சின்னப் பையன்களுக்கு முடி வெட்டுவதும், வேண்டுதலுக்கு மொட்டை போட வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதும் சித்தப்பா. தாத்தா போனபோது சித்தப்பா அரை நிஜார் போட்டுக்கொண்டிருந்தாராம். அவருக்குச் சோறு போட்டு, தொழில் கற்றுக்கொடுத்து, தாத்தா விட்டுப்போன இரண்டு கத்திகளில் ஒன்றை அவர் கையில் கொடுத்தவர் அப்பாதான். இதை அப்பா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சித்தப்பா ஒருநாளும் மறந்ததுமில்லை.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து பொய் வராது. பாராட்டும் வராது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாழ்ப்பாளாகப் போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. கடன் கேட்டு வருகிறவர்களிடம் "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லச் சொல்கிற அப்பாக்கள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. எங்கள் அப்பா வாசலுக்கே வந்து "இருக்கேன், ஆனா குடுக்க மாட்டேன்" என்று சொல்லுவார். நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்று சிலேட்டைக் காட்டினால், "எழுத்து கோணலா இருக்குது" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். அன்றைக்குப் பூராவும் அவரோடு பேச மாட்டேன். நான் பேசாமல் இருப்பதை அவர் கவனித்ததாகவும் தெரியாது.

சித்தப்பா தினமும் தீட்டி முடித்ததும் கத்தியை அப்பாவிடம் நீட்டுவார். அப்பா அதை வாங்கி, முன்கை ரோமத்தில் ஒரு இடத்தில் வைத்துப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்" என்று திருப்பிக் கொடுப்பார். சித்தப்பா மறுபடியும் கிணற்றடிக்குப் போவார். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. எங்கள் தொழிலில் ஆண்கள் தங்கள் முகத்தைத் தாங்களே மழித்துக்கொள்வது அபூர்வம். ஒருவருக்கு ஒருவர் போட்டு விடுவதுதான் வழக்கம். சித்தப்பாவுக்கு அப்பா போட்டு விடுவார். ஆனால் அப்பா மட்டும் தன் தாடையைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போய்விடுவார். "அண்ணா, நான் போட்டு விடட்டா?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "பாக்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா கிளம்பிவிட்டார். சித்தப்பா சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சித்தப்பாவுக்குப் பெண் பார்த்த காலம் அது. பார்த்த இடங்களில் எல்லாம் தட்டிப் போயிற்று. சொந்தக் கடை இல்லை, அண்ணன் கடையில் பெஞ்சு வேலை பார்க்கிற பையன் என்று பேசிக்கொண்டார்களாம். அம்மாவுக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாக இருந்தது. சித்தப்பா இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கத்தி தீட்டினார்.

அப்போதுதான் தாமலிலிருந்து ஒரு தகவல் வந்தது. அங்கே ஏரிக்கரைப் பக்கம் நம் தொழில்காரர் ஒருவர், சுற்றுப்பட்ட ஊர்களில் பேர் பெற்றவர், மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார். ஜாதகம் கேட்கமாட்டாராம். "ஜாதகத்தை எவனோ எழுதுறான். பையன் வரும்போது அவன் கத்தியை எடுத்துக்கினு வரட்டும். அதையாவது அவனே தீட்டியிருப்பான்" என்று சொல்லியனுப்பினாராம். அம்மா, இதென்னடி கூத்து என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் "விவரமான மனுசன்" என்றார். முகம்கூடப் பார்த்திராத ஒருவருக்கு அப்பா வாயிலிருந்து இத்தனை பெரிய பட்டம் கிடைத்ததில் எனக்குக்கூடப் பொறாமை.

அந்த வாரம் முழுக்கச் சித்தப்பா கல்லோடு குடித்தனம் நடத்தினார். கடையிலிருந்து வந்ததும் கிணற்றடி. கல்லில் தண்ணீர் தெளிப்பார், தீட்டுவார், கருப்பாக ஊறி வருவதை வழிப்பார், மறுபடி தண்ணீர் தெளிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியாது. கடைக்கு வருகிற நெசவாளர்களின் சட்டையில் எப்போதும் ஒன்றிரண்டு பட்டு இழைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்வார். இழையைக் கத்தியின் மேல் மெல்ல விட்டுப் பார்ப்பார். அறுந்து விழுந்தால் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவார்.

புதன்கிழமை தாமலுக்குப் போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று வெயில் தாழ்ந்த நேரத்தில் சித்தப்பா கத்தியை அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா முன்கையில் வைத்துப் பார்த்தார். கத்தியை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி முன்கையில் வைத்தார். பிறகு "ம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் கழுவப் போய்விட்டார்.

சித்தப்பா கத்தியும் கையுமாக நின்றார். "இன்னும் கொஞ்சம்" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இந்த "ம்" அவருக்குப் புதிது. "ம்னா இன்னாடி அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும், உதட்டைப் பிதுக்கினேன். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டார். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

கத்திக்கு ஒரு பதம் உண்டு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது புரியும். பதம் வருவதற்கு முன்னால் இறக்கினாலும் கெட்டது, வந்த பிறகு அடுப்பிலேயே விட்டாலும் கெட்டது. தீட்டத் தீட்டக் கத்தியின் விளிம்பு மெலிந்துகொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் மெலிந்தால் அந்த விளிம்பில் பலம் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓரம் சுருண்டு நிற்கும். பிசிறு என்பார்கள். தொட்டால் முன்னைவிடக் கூராக இருப்பதுபோலத் தோன்றும். முகத்தில் வைத்தால்தான் தெரியும், மழிக்காமல் பிராண்டும். அன்று சாயங்காலம் சித்தப்பா கத்தி மேல் போட்ட இழை, போட்ட மாத்திரத்தில் தானாகவே இரண்டாகி விழுந்தது. "பாத்தியாடி!" என்று அவர் கத்திய கத்தலில் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள்.

காலையில் அவர் கண்ணாடி முன்னால் தானே உட்கார்ந்து தன் கத்தியால் முகத்தை மழித்துக்கொண்டார். வழக்கத்துக்கு மாறாக அன்று அப்பாவிடம் முகத்தைக் கொடுக்கவில்லை. எழுந்து வந்தபோது இரண்டு கன்னத்திலும், தாடைக்குக் கீழேயும் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள்.

"மூஞ்சில இன்னாடா அது? பூனைகூட சண்டை போட்டியா?" என்றார் அப்பா. கத்தியை வாங்கிக் கட்டைவிரலை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்தார். உடனே முகம் மாறிவிட்டது. "பதம் தாண்டிடுச்சு. பிசிறு கட்டியிருக்குது. நேத்து சாயங்காலம் நல்லாத்தானேடா இருந்துது?"

"நல்லா இருக்குதுன்னு நீ சொல்லவே இல்லியே, அண்ணா."

சித்தப்பா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். அப்பா கத்தியை மடக்கினார், திறந்தார், மறுபடி மடக்கினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் கல்லில் பிடித்துச் சரிபண்ண அவகாசமில்லை. "உங்க கத்தியக் குடுத்து அனுப்புங்களேன், யாருக்குத் தெரியப் போவுது?" என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னாள். "அவன் கத்தியத்தானே கேட்டாரு" என்று அப்பா சொல்லிவிட்டார். சித்தப்பா தன் கத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேலூர் பஸ்ஸில் போனோம். அம்மா வழியெல்லாம் சித்தப்பா முகத்தில் படிக்காரம் தேய்த்துப் பவுடர் போட்டுக்கொண்டே வந்தாள். வெள்ளைக்கு அடியில் சிவப்பு தெரிந்து, கூத்துக்கு வேஷம் கட்டினவர் பாதியில் எழுந்து வந்தது போல இருந்தார். திருப்புட்குழி வந்ததும் அம்மா கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தை மாதம். தாமலில் இறங்கிப் பார்த்தால் ஏரி நிறைந்து கிடந்தது. சித்தப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே எனக்குப் பாக்காதீங்க அண்ணி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவர் வாயைப் பொத்துகிற மாதிரி கையைத் தூக்கினாள்.

பெண்ணின் அப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. எங்களைப் பார்த்து வரவேற்றாரா, வந்த சத்தத்தைக் கேட்டு வரவேற்றாரா என்று சொல்ல முடியாது. பாயில் உட்கார்ந்து, ஊர்ப் பேச்சு பேசி, தண்ணீர் குடித்ததும் கையை நீட்டினார். சித்தப்பா கத்தியைக் கொடுத்தார். பெரியவர் கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். அதே இடம், அதே மாதிரி, காலையில் அப்பா வைத்ததுபோல. அம்மா என் கையை நெரித்தாள். பெரியவர் உள்ளே திரும்பி, "அம்மாடி, இத இன்னான்னு பாரும்மா" என்றார்.

"பொண்ணா பாக்கும்?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

"கண்ணு போனதுலேர்ந்து என் கத்திக்கெல்லாம் அதுதாம்மா கல்லு புடிக்குது."

பெண் வந்து, யாரையும் பார்க்காமல் கத்தியை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போயிற்று. பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உட்காரத் தெரியாது. பின்னாலேயே போனேன்.

கிணற்றடியில் ஒரு கல், பக்கத்தில் உட்காரப் போடுகிற ஒரு மணைக்கட்டை. அந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் பட்டுப் பாவாடையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு இழையைக் காட்டி, "இத எடுத்துக்கட்டா?" என்று கேட்டது. இழுத்துக் கத்தியின் மேல் வைத்தது. காலையில் மழித்ததில் பிசிறு மடங்கிவிட்டதோ என்னவோ, நேற்று தானாக அறுந்து விழுந்த மாதிரி இன்று விழவில்லை. இழை கத்தியில் மாட்டிக்கொண்டு, பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது.

"தீட்டிக்கினே இருப்பாரா?"

"எப்பப் பாத்தாலும்" என்றேன்.

"போதும்பான்னு யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"எங்க அப்பா இன்னும் கொஞ்சம்னு சொல்லுவாரு."

அந்த அக்கா கத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் கத்தியின் கூர்ப்பக்கத்தை மணைக்கட்டையின் விளிம்பில் வைத்து, கத்தரிக்காய் நறுக்குகிற மாதிரி நீளவாக்கில் ஒரு இழுப்பு இழுத்தது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சவரக்கத்தி கல்லையும், கத்தியைத் தடவுகிற தோல்வாரையும், முடியையும் தவிர எதையும் தொடக் கூடாது. ஒருமுறை அதில் பென்சில் சீவப் போன எனக்கு அப்பாவிடம் முதுகில் விழுந்தது. அப்படிப்பட்ட கத்தியை, அதுவும் தாத்தாவின் கத்தியை, கட்டையில் இழுப்பதா! பொண்ணுக்குச் சித்தப்பாவைப் பிடிக்கவில்லை, அதனால்தான் கெடுக்கிறது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எனக்கு எதுவுமே ஒரு நொடியில்தான் விளங்கும். கூடத்துக்கு ஓடினேன்.

"சித்தப்பா! அந்த அக்கா உங்க கத்தியக் கட்டையில தேய்ச்சுக் கெடுக்கிறாங்க!"

சித்தப்பா எழுந்துவிட்டார். பவுடரையும் மீறி முகம் பூராவும் சிவந்திருந்தது. "வா அண்ணா, போலாம்" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகை எனக்கும் வந்தது. சித்தப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்பா உட்கார்ந்தபடியே அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "உக்காருடா. அது கெடுக்கல. பிசிற எடுக்குது."

தோட்டத்தில் கல்லின் மேல் கத்தி போகிற சத்தம் கேட்டது. அழுத்தமே இல்லாமல், கொஞ்ச நேரம்தான். அது நின்றதும் வேறொரு சத்தம். தோல்வாருக்குப் பதிலாக உள்ளங்கையிலேயே கத்தியைத் திருப்பித் திருப்பித் தடவுவார்கள் இல்லையா, அது. கூடவே கண்ணாடி வளையல்களும் சத்தம் போட்டன. எங்கள் எல்லோருக்குமே, பார்க்காமலேயே, அது என்ன என்று தெரிந்தது. சித்தப்பா உட்கார்ந்தார்.

வெற்றிலைத் தட்டில் வைத்துக் கத்தி திரும்பி வந்தது. பெரியவர் தன் தாடையைத் தடவிக்கொண்டு, "எனக்கு தாடி முள்ளாட்டம் இருக்குதுப்பா. போட்டு வுடு" என்றார்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல சவரமா?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்ல அதவிட இன்னாம்மா நல்ல காரியம்?"

கிணற்றடியில் அவரை மணைக்கட்டையில் உட்கார வைத்துச் சித்தப்பா சோப்பைக் குழைத்துத் தடவினார். கத்தியை எடுத்தார். தலையைத் தூக்கிக் காத்திருந்த அந்தக் கண் தெரியாதவரின் கழுத்தைப் பார்த்தார். பிறகு பழக்கம் விடாமல், பக்கத்தில் இருந்த கல்லின் மேல் தண்ணீரைத் தெளித்தார். இன்னும் கொஞ்சம் தீட்டிவிடலாம் என்று குனிந்தார்.

"வேணாங்க." கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது. "கத்தி நல்லா இருக்குது. அப்படியே போடுங்க."

சித்தப்பா நிமிர்ந்தார். அவரிடம் முதல்முதலாகப் பெண் பேசிய பேச்சு. கதவுப் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தது அப்பாவை. அப்பா தென்னை மரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று பார்ப்பவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தி முகத்தில் இறங்கியது. வெங்காயச் சருகு மாதிரி லேசான ஒரு சத்தம். பாதியில் பெரியவர் தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். முடிந்ததும் இரண்டு கன்னத்தையும் மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்து, "தட்ட மாத்திக்கலாம்" என்றார்.

அந்த அக்காதான் எங்கள் சித்தி. வந்த முதல் மாதமே கல் சித்தியின் கைக்குப் போய்விட்டது. தெருவில் பாவு விரிக்கிறவர்கள் காலையில் சத்தம் கேட்கவில்லையே என்று விசாரித்தார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. தாமலிலிருந்து வந்த மறுநாள் காலையில் நடந்தது.

கடைக்கு டீ கொண்டுபோனேன். கடையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் நாற்காலியில், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கி. சித்தப்பா கத்தியும் கையுமாக, எதிரில் பேய் உட்கார்ந்திருப்பதைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாகக் கல்லைத் தேடிப் போயிற்று.

"எதுக்கு? போடுடா" என்றார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாப்பா, கோயில்கிட்ட இருக்கிற தாத்தாகிட்ட போகலியா?" என்று கேட்டேன்.

"அவரு ஊருக்குப் போயிட்டாரு" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலேயே.

சித்தப்பா மழிக்க ஆரம்பித்தார். நான் டீயை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். கோயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பெரியவர் தன் கடை வாசலில் உட்கார்ந்து ஒருவருக்கு மீசையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கு உங்கப்பன் வரல?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். அன்றைக்கு முழுக்க எனக்குப் பாடமே ஏறவில்லை. எங்கள் அப்பாவும் பொய் சொல்வார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எதற்காகச் சொன்னார் என்று மட்டும் எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.